பாலைவனத்தில் ஒரு நைட் மெஸ்!

பாலைவனம்னா உங்க மனசுல என்ன வரும்? மணல், ஒட்டகம், தாகம்... அமெரிக்காவின் அரிசோனா பக்கம் இருக்கும் சொனோரன் பாலைவனத்துக்கு இந்த ஃபார்முலா செல்லாது பாஸ். அங்கே பனைமரம் மாதிரி நெட்டுக்குத்தா நிற்கிற சகுவாரோ கள்ளி உண்டு. நடுநடுவே, ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய ஓடைகளும் உண்டு. அந்த ஓடைகள்தான் அந்த ஏரியா வௌவால்களுக்கு மெஸ்!

மெனு என்னன்னு கேட்கிறீங்களா? கொசு போலவே இருந்தும் கடிக்காத மிட்ஜ், மேஃப்ளை, கேடிஸ் பூச்சி. இவையெல்லாம் குழந்தைப் பருவத்தைத் தண்ணீருக்குள் கழிப்பவை. பாசியைத் தின்று வளர்ந்து, இறக்கை முளைத்ததும் வெளியே பறந்துவிடும். பாலைவன ஓடையில் வெயிலும் சூடும் அதிகம் என்பதால் எல்லாமே ஃபாஸ்ட் ஃபார்வர்டு. ரெண்டு மூணு வாரத்திலேயே முட்டை, பூச்சி ஆகிவிடும். உங்க முதல் இன்டர்னலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே முடிஞ்சுடும்!

ஏன் இந்த அவசரம்? திடீர் வெள்ளம். ஒரே மழையில் ஓடையில் இருக்கும் புழுக்களில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும். அந்த நேரம் காற்றில் இருந்தவை திரும்பி வந்து முட்டையிட, சில வாரங்களில் ஓடை மறுபடி ஹவுஸ்ஃபுல். (அங்கே ஒரு தண்ணீர் வண்டு கனமழை விழ ஆரம்பித்ததுமே நடந்தே கரையேறிவிடும். வானிலை அறிக்கையெல்லாம் வேண்டாம்!)

அரிசோனாவில் சிகமோர் க்ரீக் என்ற ஓடையில் ஜாக்சன், ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பூச்சிகளைக் கணக்குப் போட்டு 1986-ல் வெளியிட்டார்கள். பறந்து போன பூச்சிகளின் எடையில் தண்ணீருக்குத் திரும்பியது சுமார் 3 சதவிகிதம்தான். மீதியெல்லாம் கரைக்கே சொந்தம். சிலந்தி, பறவை, பல்லி என்று பங்காளிகள் நிறைய. இரவு ஷிஃப்ட் மட்டும் வௌவாலுக்கு.

இருட்டு முழுசா விழுவதற்கு முன்னாடியே முதல் பந்தியில் உட்காருவது கேன்யன் வௌவால். எடை, நம்ம ஒரு ரூபாய் காசு அளவுதான். யூமா மயோட்டிஸ் என்ற இன்னொன்று, தண்ணீரை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வேட்டையாடும். அதிலும் சலசலவென ஓடும் இடத்தைவிட, அசையாமல் தேங்கிய இடம்தான் வசதி. காரணம் சுத்தமான இன்ஜினீயரிங். வௌவால் அனுப்பும் அல்ட்ராசவுண்ட், கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பில் பட்டால் முன்பக்கமாகவே தெறித்துப் போய்விடும். திரும்பி வருவது பூச்சியின் எதிரொலி மட்டுமே. நோ நாய்ஸ், ஒன்லி சிக்னல்! இந்த அல்ட்ராசவுண்ட் விஷயம் வெளியே வந்தது 1938-ல். ஹார்வர்டில் டொனால்ட் க்ரிஃபின் என்ற மாணவர், பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் செய்து வைத்திருந்த கருவி முன்னால் வௌவாலைக் கொண்டுபோய் நிறுத்தினார். க்ரிஃபின் அப்போ யூ.ஜி. படிச்சுக்கிட்டிருந்தார்!

சரி, மெஸ்ஸை மூடிட்டா?

மெக்ஸிகோவில் பிறந்து வடக்கே அரிசோனாவுக்குள் ஓடும் சான் பெட்ரோ ஆற்றைப் பாருங்க. மழையில்லாத மாதங்களில் அதில் ஓடுவது நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் தண்ணீர். ஆற்றின் மேல்பகுதிக் கரையை 1988-லேயே அமெரிக்க அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கிவிட்டது. ஆனா கிணறுகள் ஆற்றங்கரையிலா இருக்கு? தள்ளி இருக்கும் ஊர்களில் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நீர்மட்டம் இறங்குது. ஆற்றில் ஒரு குடம் மொள்ளாமலே ஆற்றை வற்ற வைக்க முடியும் என்பதுதான் இதில் கொடுமை.

வௌவாலுக்கு இறக்கை இருக்கே, வேற இடம் போகாதா? போகும். ஆனால் குட்டி போட்ட தாய்க்கு அது கஷ்டம். பால் கொடுக்கும் காலத்தில் பசியும் தாகமும் எக்கச்சக்கம். குட்டியோ பாறை இடுக்கில் காத்திருக்கும். மெஸ் தூரமாகத் தூரமாக, தின்றதெல்லாம் பறக்கவே செலவாகிவிடும். இதில் டைமிங் வேற மோசம். அங்கே மழை தொடங்குவது ஜூலையில். குட்டிகள் பிறப்பதோ பெரும்பாலும் ஜூன் வாக்கில், ஆறு ரொம்ப மெலிந்து கிடக்கும் நேரத்தில்.

பக்கத்தில் இருக்கும் சியரா விஸ்டா நகரம், சுத்திகரித்த கழிவுநீரை 2002 முதல் குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்குது. ஆற்றுக்கும் ஊர்க் கிணறுகளுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் மேடு மாதிரி! சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, அந்த மேட்டை நம்பி ஒரு ரூபாய் எடையில் ஒரு கஸ்டமர் அங்கே தலைகீழாத் தொங்கிட்டிருக்கு.