முகச் சிவப்பும் மருந்துத் துண்டின் விலையும்

டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டில் மூன்று வரி இருந்தது. ஒரு ஜெல், ஒரு வகைக் குளிசை, வெயிலுக்குப் பூச ஒரு கிரீம். பாமசியில் கணக்குப் பார்த்துச் சொன்ன தொகையைக் கேட்டதும் எங்கட ராத்தா குளிசையில் பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "மத்தத புறகு பாப்பம்" என்று வெளியே வந்துவிட்டார். அந்தப் 'புறகு' வரவே இல்லை. அதற்குப் பதிலாக, வேறொரு கடையில் ஒருவர் "இதப் பூசிப் பாருங்க, ரெண்டு நாளையில குறஞ்சிடும்" என்று எடுத்துக் கொடுத்த சின்ன டியூப் ஒன்று வீட்டுக்கு வந்தது. விலையும் கொஞ்சம்தான். சொன்னபடியே ரெண்டு நாளில் குறைந்தது. இரண்டு மாதத்தில் ராத்தா கண்ணாடியில் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ராத்தாவுக்கு இருந்த வருத்தத்தின் பெயர் ரோசேசியா. கன்னம், மூக்கு, நெற்றியின் நடு, நாடி ஆகிய இடங்களில் சூடேறிச் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பு நிலையாகத் தங்கிவிடும். சிலருக்குச் சிறு பருக்கள் வரும். ஆனால் இது பருவத்தில் வருகிற முகப்பரு இல்லை, அதில் காணும் கரும்புள்ளி இதில் இருக்காது. வெள்ளைக்காரரின் நோய் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மாநிறத் தோலில் சிவப்பு வெளிச்சமாகத் தெரியாது என்பதுதான் விசயம். நம்மவர்கள் "முகம் எரியுது", "முளகாய் பூசின மாதிரி இரிக்கி" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வெயில், அடுப்படிச் சூடு, ஆவி பறக்கும் பிளேன்டீ, உறைப்புக் கறி, மனக்கவலை எல்லாம் அதைக் கிளப்பிவிடும். கண்ணையும் பிடிக்கும். கண் சிவந்து மணல் விழுந்தது போல உறுத்தினால் அதை அழகுப் பிரச்சினை என்று தள்ளிப்போடக் கூடாது. கருவிழி வரை பாதிக்கப்படலாம்.

அந்த மலிவு டியூபில் இருந்தது பீட்டாமெதசோன் என்ற ஸ்டெரொயிட். இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கி, சிவப்பை உடனே மறைக்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். திரும்பியதும் மறுபடி பூசத் தோன்றும். இப்படியே தோல் மெலிந்து, நரம்பு நரம்பாய்க் குழாய்கள் தெரியத் தொடங்கும். ரோசேசியாவே இல்லாத முகத்திலும் ஸ்டெரொயிட் பூசிப் பூசியே அதே தோற்றத்தை உண்டாக்கலாம். அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. கலியாணத்துக்கு முன் முகம் வெளுக்க என்று பிள்ளைகள் வாங்கும் பெயரில்லாத கிரீம்கள் பலவற்றிலும் இதுதான் ஒளிந்திருக்கிறது. பாமசியிலேயே மலிவான டியூப் ஆகப் பெரிய செலவுள்ள வருத்தத்தைக் கொண்டுவந்து விடும்.

சரி, சரியான மருந்துக்கு ஏன் அவ்வளவு விலை? ஐவர்மெக்டின் என்ற ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய விஞ்ஞானி சதோஷி ஓமுரா, ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிர்தான் இதன் மூலம். அமெரிக்காவின் மேர்க் கம்பனியில் வேலை செய்த வில்லியம் கேம்ப்பெல் அதிலிருந்து புழுக்கொல்லி மருந்தை வளர்த்தெடுத்தார். முதலில் ஆடு மாடுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு ஆபிரிக்காவில் ஆட்களைக் குருடாக்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கு அது கைகண்ட மருந்தாயிற்று. 1987இல் மேர்க், அந்த நோய்க்குத் தேவைப்படும் வரை இலவசமாகவே தருவோம் என்று அறிவித்தது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஐவர்மெக்டினை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்து செய்த கிரீமுக்கு 2014 டிசம்பரில் அமெரிக்கா ரோசேசியாவுக்காக அனுமதி கொடுத்தது. சூலன்ட்ரா என்பது அதன் வர்த்தகப் பெயர். முகத்தோலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியையும் அழிக்கும், அழற்சியையும் தணிக்கும். நல்ல மருந்து, அதில் பேச்சில்லை. ஆனால் ஏழை ஆபிரிக்கருக்குச் சும்மா கிடைத்த மூலப்பொருள், டியூபுக்குள் போனதும் அங்கே பல நூறு டொலர் ஆகிவிட்டது. கிரீமாக மாற்றியதற்கும், சோதனை நடத்தியதற்கும், காப்புரிமைக்கும், விளம்பரத்துக்கும் சேர்த்த விலை அது. (விலை அதிகம் என்று மாட்டுக்குப் போடும் மருந்தை முகத்தில் தேய்த்தவர்களும் உண்டு. அந்த வேலை வேண்டாம். அதன் அளவும் வேறு, கலப்பும் வேறு.)

இவ்வளவு விலை வைத்தால் யார் வாங்குவார்கள் என்று கம்பனிகளுக்கும் தெரியும். ஆகவே அமெரிக்காவில் 'உதவி அட்டை' ஒன்றைக் கொடுக்கிறார்கள். ஒரு கணக்குக்காக டியூப் 500 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் காப்புறுதி 400ஐக் கட்டும், மீதி 100 அவர் கையால் கட்ட வேண்டும். அட்டையைக் காட்டினால் அந்த நூறில் எழுபத்தைந்தைக் கம்பனி ஏற்றுக்கொள்ளும். நோயாளிக்குச் சந்தோசம், இருபத்தைந்துதானே போனது. கம்பனிக்கு அதைவிடச் சந்தோசம், எழுபத்தைந்தை விட்டு நானூறைப் பிடித்துவிட்டது. அந்த நானூறு கடைசியில் எல்லாரும் கட்டும் காப்புறுதித் தவணையில் வந்து ஏறும்.

காப்புறுதியே இல்லாதவருக்கு இந்த அட்டையால் பெரிய பிரயோசனம் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு என்று கம்பனிகள் நடத்தும் இலவசத் திட்டங்களுக்குத் தனியாக விண்ணப்பித்து, சம்பளக் கணக்குக் காட்ட வேண்டும். அரசாங்கத்தின் மெடிகெயார், மெடிகெய்ட் திட்டங்களில் உள்ள முதியவரும் ஏழைகளும் அட்டையைப் பாவிக்கவே முடியாது. அரசு பணம் கட்டும் மருந்தை வாங்கத் தூண்டுவது லஞ்சம் போன்றது என்பது அங்குள்ள சட்டம். கலிபோர்னியா 2018இலிருந்து இன்னொரு கதவையும் மூடியது: அதே மருந்து பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்குமானால், பெரும்பாலும் வர்த்தகப் பெயருக்குத் தள்ளுபடி அட்டை கொடுக்கக் கூடாது. என் மனசுக்கு இதுதான் சரியான இடத்தில் கை வைத்த சட்டம். அட்டை விலையைக் குறைப்பதில்லை, விலையை நோயாளியின் கண்ணிலிருந்து மறைக்கிறது.

அங்குள்ள தோல் மருத்துவர்கள் சிலர் வேறு வழியில் போகிறார்கள். ரோசேசியாவுக்கென்றே விற்கும் 40 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் குளிசை விலை கூடியது. கிருமியைக் கொல்லாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் குறைந்த அளவு அது. பல்லீறு நோய்க்கு வந்த 20 மில்லிகிராம் குளிசை பொதுப் பெயரில் மலிவு. அதைக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் நாளுக்கு அதே நாற்பதுதான். நோயாளி வாய் திறந்து "எனக்கு இது கட்டாது டொக்டர்" என்று சொன்னால்தான் இப்படியொரு வழியை யோசிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் டொக்சிசைக்கிளின் ஆகாது.

நமது நாட்டில் அட்டை இல்லை. அதைவிட நல்ல ஒன்று இருந்தது, இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் வாங்கு, எழுது, விற்பனை செய் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஊருக்கு ஊர் நாம் காணும் ஒசுசல அதன் பிள்ளை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், துண்டில் பொதுப் பெயரை எழுத வேண்டும் என்கிறது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தார்கள். சீனி, பிரஷர் போன்ற நாட்பட்ட வருத்தங்களின் மருந்துகள் அதில் முக்கியமானவை. 2022இல் ரூபா சரிந்தபோது, விலை கட்டுப்படுத்திய மருந்துகளுக்கே அந்த ஒரே வருடத்தில் இரண்டு தரம் விலையேற்ற அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அந்த அடி இன்னும் நம் வீடுகளில் ஆறவில்லை.

இரண்டாம் தரம் ராத்தாவை நாங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். விடியச் சுபஹோடு போய் வரிசையில் நின்றால் பத்து மணிக்குள் டொக்டரைக் காணலாம், செலவு பஸ் காசு மட்டும். மலிவு டியூபையும் கொண்டுபோய்க் காட்டினோம். அதைக் காட்டாமல் மறைப்பவர்கள்தான் அநேகம் என்றார் டொக்டர். அதை எப்படி நிறுத்துவது, நிறுத்தியதும் வரும் எரிச்சலை எப்படிச் சமாளிப்பது என்று விளங்கப்படுத்தினார். பிறகு ராத்தாவே கேட்டார்: "மூணையும் வாங்க ஏலாது டொக்டர், எது முக்கியம்?"

அந்தக் கேள்விக்கு அவர் துண்டையே மாற்றி எழுதினார். மெட்ரொனிடசோல் ஜெல், பொதுப் பெயரில். எந்தக் கம்பனியுடையது என்றாலும் பரவாயில்லை, 0.75 வீதம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். அது கிடைக்காவிட்டால் அசெலயிக் அசிட், கர்ப்பிணிக்கும் அதைக் கொடுக்கலாம். விலையுயர்ந்த சன் கிரீமுக்குப் பதிலாகக் குடையும், பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வெளியே போகாமையும். முகம் கழுவும் சவர்க்காரத்தை நிறுத்தச் சொன்னதில் அந்தக் காசும் மிச்சம். ஜெல்லை மெல்லிய படலமாகப் பூசினால் போதும், அப்பிப் பூசுவதால் சீக்கிரம் சுகம் வராது, டியூப்தான் சீக்கிரம் முடியும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும் என்பதை இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் வாரத்தில் 'ஒண்டும் சரிவரல்ல' என்று நிறுத்துகிறவர்களின் காசுதான் முழுதாக வீணாகிறது என்றார்.

கிளினிக்கில் அன்று ஜெல் இருக்கவில்லை, வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள். ஒசுசலயில் ஒரு விலை, பக்கத்துப் பாமசியில் இன்னொரு விலை. கவுண்டரில் நின்ற பிள்ளை முதலில் ஒரு பெட்டியைத்தான் எடுத்து வைத்தது. "இதே பேருல வேற கம்பனிட இரிக்கா மகள்?" என்று ராத்தா கேட்டதும் உள்ளே போய் இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்தது.