எல்லாமே 'டென்ஷன்' இல்லை

பஸ் தாமதமானால் டென்ஷன். பரீட்சை முடிவு வரும் நாளிலும் டென்ஷன். மேலதிகாரி நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டால் அதுவும் டென்ஷன். நண்பன் பேசாவிட்டால் மூட் அவுட். இரண்டு நாள் நீடித்தால் டிப்ரஷன். ஆங்கிலத்திலிருந்து மனசுக்கென்று நாம் எடுத்துக்கொண்ட சொற்கள் அநேகமாக இவ்வளவுதான். விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லித்தரும் ஆங்கிலப் பாடம், மனசைச் சொல்லப் பழக்குவதில்லை. இதைச் சின்னக் குறையாக என்னால் நினைக்க முடியவில்லை.

சிலந்தியைக் கண்டாலே நடுங்கும் 88 பேரை வைத்து அமெரிக்காவில் உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. திறந்த பெட்டிக்குள் உயிருள்ள டாரன்டுலா சிலந்தி. அதை நெருங்க வந்தவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தன் பயத்தை உள்ளபடி வாய்விட்டுச் சொன்னது. இன்னொன்று, 'இது ஒன்றும் செய்யாது' என்று தன்னைத் தேற்றிக்கொண்டது. மூன்றாவது குழு சம்பந்தமில்லாத எதையோ பேசியது. நான்காவது பேசாமல் இருந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் சிலந்தி முன் நிறுத்தியபோது, பயத்தைச் சொன்னவர்களுக்குத்தான் கை குறைவாக வியர்த்தது. அவர்களிலும் பயம், பதற்றத்தைக் குறிக்கும் சொற்களை நிறையச் சொன்னவர்களுக்குப் பலன் கூடுதல்.

சரியான சொல் அமைந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிகிறது. நினைத்த காரியத்துக்குத் தடை வந்தால் ஃப்ரஸ்ட்ரேஷன். வேறு வழி தேடலாம். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் டிசப்பாயின்ட்மென்ட். அது ஆறக் கொஞ்ச நாள் வேண்டும். அநியாயம் நடந்ததாக உள்ளே புகைந்துகொண்டிருப்பது ரிசென்ட்மென்ட். உட்கார்ந்து பேசாமல் அது தீராது. மூன்றையும் 'கோபம்' என்றே சொன்னால் கத்துவது ஒன்றுதான் வழியாகத் தெரியும்.

கில்ட், ஷேம் இரண்டையும் பிரித்தறிவது இன்னும் முக்கியம். 'நான் செய்தது தப்பு' என்பது கில்ட். 'நானே தப்பான ஆள்' என்பது ஷேம். முன்னது மன்னிப்புக் கேட்கத் தூண்டும். பின்னது ஓடி ஒளிய வைக்கும். ஜூன் டாங்னி போன்ற உளவியலாளர்கள் பல வருடங்களாக ஆராய்ந்து சொல்வது இது. பிள்ளையைத் திட்டும்போது நாம் எதை விதைக்கிறோம் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

டிப்ரஷன் என்ற சொல்லையாவது கவனமாகச் சொல்லுங்கள். மன வாட்டமோ, எதிலும் நாட்டமின்மையோ வேறு அறிகுறிகளோடு குறைந்தது இரண்டு வாரம் நீடித்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். எல்லா வாட்டத்துக்கும் அதையே சொன்னால், நிஜமாகவே அதில் சிக்கியவரின் குரல் நம் காதில் விழாமல் போகும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலக்கணத்தோடு தினம் ஒரு உணர்வுச் சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள். 'உனக்கு எப்போது இப்படி இருந்தது?' என்று கேளுங்கள். பதில் தமிழில் வந்தாலும் பரவாயில்லை.