உட்கார்ந்து குடிக்கும் சிட்டு

கம்பம் பள்ளத்தாக்கின் மார்க்கையன்கோட்டையில் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) கிடையாது. இந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. 300-க்கும் மேற்பட்ட அதன் இனங்கள் எல்லாம் இன்று அமெரிக்கக் கண்டங்களோடு சரி. (ஜெர்மனியில் சுமார் 3 கோடி ஆண்டு பழைய ஓசனிச்சிட்டின் புதைபடிவம் கிடைத்ததாக 2004-இல் அறிவித்தார்கள். இந்தப் பக்கமும் ஒரு காலத்தில் இருந்த குடும்பம்தான்.) ஆனாலும், “பூவுக்கு முன்னால அந்தரத்துல நின்னு தேன் குடிச்சுச்சு, என் கண்ணால பார்த்தேன்” என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. பார்த்தது பகலிலும் அந்தி மசங்கும் நேரத்திலும் பறக்கிற ஓர் அந்துப்பூச்சி. தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தால் அது பறவை இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்த வேலை தேன்சிட்டுடையது. அதனாலும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்க முடியும். ஆனால் உட்கார்ந்து குடிப்பதே அதற்குப் பிடிக்கும். இந்த ஒரு பழக்கம் பூக்களின் வடிவத்திலேயே தெரிகிறது. கல்யாண முருங்கையைப் பாருங்கள்: தடித்த காம்பு, அதில் உட்கார்ந்தபடியே எட்டும் அகன்ற சிவப்புப் பூக்கள். அதே முருக்கு இனத்தின் அமெரிக்க உறவுகள் சிலவற்றில் பூ ஒடுங்கிய குழலாக வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், உட்கார இடமில்லை. அங்கே வரும் விருந்தாளிக்கு நாற்காலி தேவைப்படவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தி, வாய்க்கால் ஓரமெல்லாம் தென்னை, வாழை. வாழைத்தாரின் நுனியில் மடல் ஒன்று மேலே சுருண்டதும் அடியில் வரிசையாகப் பூக்கள் தெரியும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு மடலைப் பற்றித் தொங்கி, வளைந்த அலகை ஒவ்வொன்றிலும் விட்டு எடுக்கும். பத்து கிராம்கூட எடையில்லாத உயிர்; மடல் அசைவதில்லை.

வீட்டுக்கு ஒரு செடிதான் என்றால் நான் இட்லிப்பூவைத்தான் சொல்வேன். கொத்தில் மொட்டுகள் ஒரே நாளில் விரியாமல் முறைவைத்து விரிவதால் ஒரு கொத்தே பல நாள் நிற்கும். ஒல்லியான நீண்ட குழலின் அடியில்தான் தேன். பிள்ளைகள் பூவைப் பிடுங்கிச் சப்புவது அதைத்தான். பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு அது அளவெடுத்த ஆழம். வாடிய கொத்தைக் கிள்ளிவிட்டால் செடியின் சத்து காய்க்குப் போகாமல் புதுத் தளிருக்கும் மொட்டுக்கும் போகும். சிமெண்ட் சுவரை ஒட்டி மட்டும் நடவேண்டாம். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிவிடும்.

பூ வைத்தால் பட்டாம்பூச்சி வரும். தங்குவதற்கு இலை வேண்டும். பெண் பூச்சி தன் காலாலேயே இலையைச் சுவைத்துப் பார்த்து, சரியான செடியில்தான் முட்டையிடும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை. வெந்தய வரியனுக்கு எருக்கு. கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஒரு கறுப்பு வெள்ளைத் துளி தெரிந்தால் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான இரண்டு கொம்புகள் சட்டென்று நீளும். கூடவே ஒரு நெடி. அது புழு. இன்னும் சில நாளில் தோலுரித்துப் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். குழம்புக்கு நாலு இணுக்கு குறையும், பரவாயில்லை.

அங்கே மருந்து அடித்தால் நஷ்டம் பட்டாம்பூச்சியோடு நிற்காது. தேன் குடித்துத் திரியும் தேன்சிட்டு, குஞ்சுக்கு ஊட்டுவது சிறு பூச்சியையும் சிலந்தியையும். திண்ணைக் கம்பியில் தொங்கும் அதன் பை போன்ற கூட்டை நாராலும் சருகாலும் பின்னி, சிலந்தி நூலால்தான் ஒட்டுகிறது. ஆகவே ஒட்டடைக் கம்பை எடுக்கும்போது வாசல் மூலையை மட்டும் விட்டுவிடலாம்.