உங்கள் பழைய லேப்டாப்புக்குப் புது வாழ்வு! லினக்ஸ் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் திருமுக்கூடல். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ஓர் ஆஸ்பத்திரியின் முழு விவரம்! 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், அவரவருக்கு எவ்வளவு நெல், இரவில் எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என்னென்ன என்று அத்தனையும் கல்லில் வெட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் 11ஆம் நூற்றாண்டில்!

லினக்ஸ் இயங்குதளம் இயங்குவதும் இதே கொள்கையில்தான். அதன் நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது. வீட்டில் மூலையில் கிடக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்று தயங்குபவரா நீங்கள்? இந்த அதிசயங்களைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்!

அக்டோபர் 14 என்ன நாள் தெரியுமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சிப் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்கள் இந்த நிபந்தனைகளால் வெளியே நின்றுவிட்டன!

வியப்பு இனிமேல்தான். 1996ஆம் ஆண்டு அதே அக்டோபர் 14 அன்றுதான் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்குச் சாதாரண மக்கள் புழங்கக்கூடிய ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்று அறிவித்து ‘கேடிஈ’ திட்டத்தைத் தொடங்கினார். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கு விடைகொடுத்த அந்த 2025 அக்டோபர் 14 அன்றே, விண்டோஸிலிருந்து வருபவர்களை வரவேற்பதற்காகவே ‘ஸோரின் ஓஎஸ் 18’ வெளியானது. அந்த ஸோரினைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? அயர்லாந்தின் டப்ளின் நகரில், பள்ளிப் பருவத்தில் இருந்த அண்ணன் தம்பி இருவர்!

லினக்ஸ் ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது, தெரியுமா?

உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடித்தளம் லினக்ஸ்தான். உலகின் அதிவேக 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலை எடுத்தால், 2017 நவம்பரிலிருந்து 500க்கு 500ம் லினக்ஸ். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய் கிரகத்தில் பறந்த இன்ஜெனுவிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டருக்குள் ஓடியதும் லினக்ஸ்! இத்தனைக்கும் மூலம், 1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன் என்று அறிவித்ததுதான்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு லினக்ஸ் எப்போதோ வந்துவிட்டது, தெரியுமா?

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு கூடவே ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதை உருவாக்கியது எங்கோ வெளிநாட்டு நிறுவனம் அல்ல, மத்திய அரசின் சி-டாக். வேலை நடந்த முக்கிய இடம் சென்னை!

அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றியது. பக்கத்துக் கேரளத்திலோ அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. ஐந்தாம் வகுப்புக் குழந்தை புழங்குகிற ஒன்றை நம்மால் புழங்க முடியாதா?

நெசவுத் தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு, தெரியுமா?

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பூட்டிய பட்டுத் தறியின் மேலே பாருங்கள். துளையிட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோத்துத் தொங்கும். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அன்னமும் யாளியும் மாங்காய்ப் புட்டாவும் முந்தானையில் விழுவது இந்த உண்டு, இல்லை கணக்கில்தான். 1804இல் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். துளை அட்டைகள் பின்னர் கம்ப்யூட்டருக்கே நிரலூட்டின!

இப்படிப் பட்டுக்கு டிசைன் போடுபவர்களுக்கு ஒரு செய்தி. படம் திருத்த ஜிம்ப், கோட்டு வடிவம் வரைய இன்க்ஸ்கேப், கையால் வரைவது போல வரைய கிருதா ஆகிய மூன்றும் லினக்ஸில் இலவசம். விண்டோஸிலும் கிடைக்கும். ஆகவே மாறுவதற்கு முன்பே பழகிக்கொள்ளலாம்.

ஒரே லினக்ஸுக்குப் பல முகங்கள், தெரியுமா?

புதிதாக வருபவரைக் குழப்புவதே இந்த இடம்தான். ‘டிஸ்ட்ரோ’ என்பது முழுத் தொகுப்பு. ‘டெஸ்க்டாப்’ என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும் முகம். டிஸ்ட்ரோக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் தினமும் கைவைக்கப் போவது டெஸ்க்டாப்பில்தான். அதனால் முதலில் முகத்தைத் தேர்ந்தெடுங்கள்!

விண்டோஸ் பழகிய கைக்கு சினமன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். இதை உருவாக்கியது லினக்ஸ் மின்ட் குழு. கிளெமோன் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கிய மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. வட்டில் குறைந்தது 20 ஜிபி இடம் வேண்டும்.

பழைய, தளர்ந்த லேப்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஈ. பளபளப்பு குறைவு, சுமையும் குறைவு. மின்ட்டிலேயே இந்த முகத்தோடும் ஒரு பதிப்பு இருக்கிறது.

எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு கேடிஈ பிளாஸ்மா. குபுண்டுவில் கிடைக்கும். விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடும் ஸ்டீம் டெக் கருவியின் டெஸ்க்டாப்பும் இதுவே!

புதுப் பாணிக்குத் தயாரானவருக்கு உபுண்டுவின் க்னோம். ஐகான் வரிசை இடது ஓரத்தில் நிற்கும். மேக் பழகியவர்களுக்கு இது பிடிக்கும். 2004இல் பிறந்த உபுண்டு, ஒரு காலத்தில் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பியது என்பது தெரியுமா? தபால் செலவுகூட வாங்கவில்லை!

இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம், தெரியுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் இதுதான். லேப்டாப்பில் உள்ள ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் முழு லினக்ஸையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம்!

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக இருக்கட்டும். மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி வரும். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவசச் செயலியால் அதைப் பென்டிரைவில் எழுதுங்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு, மீண்டும் போடும்போது, பல லேப்டாப்களில் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எச்பி லேப்டாப் என்றால் எஃப்9. பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் புது டெஸ்க்டாப் கண்முன் நிற்கும்.

இப்போது சோதியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? யூடியூபில் சத்தம் வருகிறதா? கேமரா வேலை செய்கிறதா? வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசை கேட்கிறதா? பிரின்டர் அச்சடிக்கிறதா? நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணும் கேனான் எல்பிபி 2900 போன்ற சில பழைய பிரின்டர்களுக்கு டிரைவர் போடக் கூடுதல் வேலை இருக்கும். அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பிடிக்கவில்லையா? அணைத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்குங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்!

பிழை செய்தாலும் பின்னால் போகலாம், தெரியுமா?

மின்ட்டில் ‘டைம்ஷிஃப்ட்’ என்று ஒரு வசதி உண்டு. கணினி நல்ல நிலையில் இருக்கும்போது அதன் அமைப்பை அப்படியே படம் பிடித்து வைக்கும். நாளை எதையோ நோண்டி ஏதோ கெட்டுப்போனால், அந்தப் பழைய நாளுக்குத் திரும்பிவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அது இயங்குதளத்தைத்தான் காப்பாற்றும். கல்யாணப் போட்டோக்களையும் கணக்கு வழக்குகளையும் தனி வட்டில் பேக்கப் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

தமிழ் எழுதுவது இத்தனை சுலபம், தெரியுமா?

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் தயாராகக் கிடைக்கிறது. ‘ஐபஸ்’ என்ற உள்ளீட்டு வசதியில் ‘எம்17என்’ தொகுப்பைச் சேர்த்தால் போதும். ‘க’வை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும்! ஆங்கில ஒலிப்படி எழுதுபவர்களுக்கும் தட்டச்சு படித்தவர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. எழுத்துரு சிதறாது, லிப்ரே ஆஃபீஸ் மெனுவையே தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

யார் அவசரப்படக் கூடாது தெரியுமா?

கடைக்கணக்கை டாலியில் வைத்திருப்பவர், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் பிழைப்பு நடத்துபவர்: இந்த மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. நீங்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ‘டூயல் பூட்’ முறை இருக்கிறது. அந்த இலவச லேப்டாப் வந்ததும் அப்படித்தானே! பேங்க், வருமான வரி, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் பிரவுசரில் நடக்கிற வேலை. அதற்கு ஃபயர்ஃபாக்ஸ் போதும், குரோமும் கிடைக்கும்.

உதவிக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், தெரியுமா?

காஞ்சிபுரத்துக்கென்றே ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது! காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் இணைய வழியில் கூடிப் பேசுகிறார்கள். சென்னையில் 1998 முதல் இயங்கும் குழு உண்டு, விழுப்புரத்திலும் துடிப்பான குழு உண்டு. தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றிப் படிக்க 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது. இவர்கள் யாரும் காசு கேட்பதில்லை. தெரிந்ததைச் சொல்லித்தருவதையே வேலையாக வைத்திருக்கிறார்கள்.

ஆக, முடிவு என்ன? 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட் சினமன். அதைவிடத் தளர்ந்த லேப்டாப் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ. விண்டோஸ் சாயல் இன்னும் அழகாக வேண்டும் என்றால் ஸோரின். முதல்முறை மாறுபவருக்கு இந்த மூன்றைத் தாண்டித் தேடவே வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்டிரைவில் எழுதி ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். நன்றாக ஓடும் லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்!