யவனச் சாடியும் ஒயின் ஷாப்பும்

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சுமார் 12,000 ஆண்டுப் பழமை கொண்டவை என்று கணிக்கப்பட்ட கற்கருவிகள்தான் பெரிய செய்தியாயின. என் கண் நின்றது வேறொன்றில்: ரோமானிய ஆம்போரா சாடியின் உடைந்த ஓடுகள்.

இரண்டு காது, ஒடுங்கிய கழுத்து, கூம்பிய அடி. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் இதில்தான் கப்பலேறின. சாடியின் மண்ணே அன்று சரக்கின் ஊர்ச்சீட்டு. கரிய எரிமலை மணல் கலந்திருந்தால் நேப்பிள்ஸ் பக்கத்துக் கம்பானியா. பிடி இரட்டைக் குழலாக ஒட்டியிருந்தால் கோஸ் தீவின் பாணி. அந்தத் தீவின் ஒயினில் கடல்நீர் கலப்பார்களாம். அரிக்கமேட்டில் அந்தப் பாணிச் சாடிகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. உப்புக் கரிக்கும் ஒயினை இங்கே யார் ரசித்தார்களோ! இந்தியாவில் ரோமானியம் என்று குறித்துவைத்த ஓடுகளில் பல, உட்புறம் கீல் பூசிய மெசபடோமியச் சாடிகள் என்று தொல்லியலாளர் ராபர்ட்டா டாம்பர் பிற்பாடு பிரித்துக் காட்டினார்.

அன்றைக்கும் ஊர் பார்த்துத்தான் வாங்கினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிபுளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் கையேடு, இன்றைய பரூச் துறையில் இத்தாலிய ஒயினுக்கே கிராக்கி என்கிறது. லவோதிசேயா, அரேபியச் சரக்குகள் அதற்கு அடுத்தபடி. புறநானூற்றில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் பருகும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இந்த மண்ணின் கள்ளும் நறவும் அரிசித் தோப்பியும் மூங்கில் குழாயில் முற்றிய தேறலும் போதாமல் அல்ல. அது அரசனுக்குரிய அயல்சரக்கு. வடக்குப்பட்டில் அதைக் குடித்தார்களா, காலிச் சாடியில் தண்ணீர்தான் பிடித்து வைத்தார்களா, ஓடு சொல்லாது.

இன்று அதே வட்டாரத்தில் கார் தொழிற்சாலைகள். ஷிப்ட் முடிந்து போகிறவர் "ஒயின் ஷாப் எங்க இருக்கு?" என்று கேட்டால் எவரும் கை காட்டிவிடுவார்கள். மதுவின் சில்லறை விற்பனையை 2003இல் அரசின் டாஸ்மாக் ஏற்றது. தனியார் காலத்துப் பெயர் மட்டும் போகவில்லை. அங்கே பிராந்தியும் பீரும்தான் ஓடுகின்றன. ஒயின் கேட்பவர் அபூர்வம்; அவரும் ஊர் நாசிக்கா நந்தி மலையா, திராட்சை ஷெனின் பிளாங்கா ஷிராஸா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அதற்கெல்லாம் நேரம் ஏது?

எந்த ஊர் என்னும் அந்தக் கேள்வி தள்ளுவண்டிக்குப் போய்விட்டது. கருநீலப் பன்னீர் திராட்சையை ஒன்று கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "எந்த ஊரு சரக்கு?" என்கிறார் ஓர் அம்மா. "கம்பம்மா" என்கிறார் வண்டிக்காரர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். ஒயின் உலகில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அம்மா கொட்டையைத் துப்பிவிட்டு, அரைக்கிலோ போடச் சொல்கிறார்.