கிட்டியும் சட்டமும்

காவிரிப் பாசனப் பகுதியில் நெல்லை அழிக்கும் எலிகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. புல்லெலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவை வரப்போரங்களில் சுற்றும். ஆனால் பெரும் சேதத்தைச் செய்வது பெருச்சாளி இனத்தில் சிறியதான வரப்பெலி. அறிவியல் இதை பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்று குறிக்கிறது. பகலெல்லாம் வளைக்குள் கிடந்து, இருட்டிய பிறகு இது வெளியே வரும். நெல் தூரைச் சாய்வாக வெட்டிச் சாய்க்கும். தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவது அதிகம். கதிர் முற்றியபின் கதிர்களை அறுத்து இழுத்துப்போய் வளையின் அறைகளில் அடுக்கிவைக்கும். அறுவடைக்குப் பின் வளை தோண்டி நெல் எடுக்கும் வழக்கம் ஏழைக் குடும்பங்களிடம் நெடுநாளாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சேமிப்புதான்.

பொறி வைப்பவர் முதலில் அறிய வேண்டியது எலியின் இனப்பெருக்கக் கணக்கு. கர்ப்பக் காலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். பயிர் பொதி கட்டித் தொண்டைக்கதிராக நிற்கும் காலத்தில் பெண் எலிகள் ஈனத் தொடங்குகின்றன, ஏனெனில் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய உணவு அப்போதுதான் வயலில் நிறைகிறது. கதிர் வந்தபின் நூறு எலி பிடிப்பதைவிட நடவுக்கு முன் பத்துப் பிடிப்பது மேல் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். சேதம் கண்ணில் பட்ட பிறகே பெரும்பாலானோர் பொறியைத் தேடுகிறார்கள். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்துவிடுகிறது.

தஞ்சை வட்டாரத்துக் கிட்டி இந்த எலிக்காகவே உருவான கருவி. வேளாண் நூல்களில் தஞ்சாவூர் வில்பொறி என்ற பெயரில் இடம்பெற்றிருப்பது இதுதான். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டிய வில், அதன் நாண், எலியின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி, உள்ளே இரை: இவ்வளவுதான் அமைப்பு. பொரியோ வறுத்த அரிசியோ இரையாகும். எலி அதை இழுத்ததும் தடுக்கு விலகி, வில் நிமிர்ந்து, நாண் கழுத்தை இறுக்கும். விலை மலிவு. உடைந்தால் வயலோரத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். கிட்டிக்காரர் மாலையில் வரிசையாக ஊன்றிவிட்டு விடியற்காலையில் வந்து எடுப்பார். கூலியை எலியின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்கும் வழக்கமும் உண்டு.

கருணை என்ற அளவுகோலில் கிட்டி எங்கே நிற்கிறது என்பதை வில்லின் விறைப்பே முடிவு செய்கிறது. பதமான மூங்கிலும் புதிய நாணும் இருந்தால் எலி சட்டென்று நினைவிழந்துவிடும். நாள்பட்டுத் தளர்ந்த வில் மூச்சை அரைகுறையாக அடைத்து நெடுநேரம் துடிக்கவிடும், அல்லது காலைப் பிடித்துக்கொண்டு விடாது. கொல்லும் பொறிகளை மதிப்பிட ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் 1990-களின் இறுதியில் செய்துகொண்ட உடன்படிக்கையும் இதே கேள்வியைத்தான் அளவாக வைத்தது: மாட்டிய விலங்கு எத்தனை நொடியில் திரும்பாத மயக்கத்தை அடைகிறது? அந்த உடன்படிக்கை ரோமத்துக்காகப் பிடிக்கப்படும் விலங்குகளைப் பற்றியது, எலியைப் பற்றியதல்ல. ஆனாலும் கிட்டி செய்பவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பருவத் தொடக்கத்தில் நாணை மாற்றி, ஒவ்வொரு வில்லையும் இழுத்துப் பார்த்து, சோர்ந்தவற்றைக் கழித்துவிட வேண்டும். ஒரு மணி நேர வேலைதான். அதைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

வீட்டிலும் களஞ்சியத்திலும் கம்பிக்கூண்டு அதிகம் பயன்படுகிறது. உயிரோடு பிடிக்கிறது என்பதால் அதைக் கருணையான முறை என்று பலர் நம்புகிறார்கள். கூண்டுக்குள் அகப்பட்ட எலி நீரின்றி, வெயிலில், பயத்தில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தால் அந்த நம்பிக்கைக்குப் பொருள் இல்லை. அந்தியில் வைத்ததை விடியலில் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க ஆள் இல்லாத நாளில் கூண்டை மூடிவைப்பதே சரி. பிடித்த பிறகு கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்குவது ஊர் வழக்கம். அது நிமிடக்கணக்கில் நீளும் சாவு. கால்நடை மருத்துவ நெறிகள் நீரில் மூழ்கடிப்பதை ஏற்பதில்லை. கோணிப்பைக்குள் விட்டுத் தலையில் ஓங்கி ஒரே அடி அடிப்பது பார்க்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் விலங்குக்கு அதுவே குறைந்த வேதனை. தூரத்தில் கொண்டுபோய் விடுவதும் தீர்வாகாது. விடப்பட்ட எலி அடுத்தவர் வயலில் வளை தோண்டும், இல்லையேல் பழக்கமில்லாத இடத்தில் பட்டினியால் சாகும்.

ஒட்டுப்பலகைக்கு வயலிலும் இடம் இல்லை, வீட்டிலும் இல்லை. பசையில் மாட்டிய எலி தோல் கிழிய, நாள்கணக்கில் போராடிச் சாகிறது. பல்லி, ஓணான், தவளை, குருவி என்று காலை வைத்த எதையும் அது விடுவதில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் இதைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பல மாநிலங்கள் அவ்வாறே சுற்றறிக்கை விட்டன. கடைகளில் இன்னும் தொங்குகிறது என்பது வேறு கதை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையும் இதே வரிசையில் சேரும். அது எலியைவிட மனிதர்களையே அதிகம் கொன்றிருக்கும் என்று சொல்லத்தக்க அளவுக்குத் தற்கொலைகளில் புழங்கியது. தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது.

வளை மூட்டம் என்னும் முறை இருளர்களின் கைவந்த கலை. மண்பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளைவாயில் பொருத்தி, பின்புறத் துளை வழியே வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். பிற வாய்களை மூடிவிட்டால் எலி மயங்கிக் கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம். ஊதுபவரின் உதடும் நுரையீரலும் வெந்துபோவது இதன் மறுபக்கம். இந்த வேதனையைக் குறைக்க, கையால் சுழற்றும் விசிறி கொண்ட இரும்பு மூட்டக் கருவியை சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் உருவாக்கி இருளர் குடும்பங்களுக்குக் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்கு உலக வங்கி 2003-இல் பரிசளித்தது. பாம்புத் தோல் வணிகம் தடைபட்டபின் 1978-இல் வடநெம்மேலியில் பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் எழுந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை எல்லோரும் அறிவார்கள். எலி பிடிப்பிலும் அதே மக்களின் தடம் பார்க்கும் திறமையே முதலீடு. எந்த வளையில் எலி இருக்கிறது, எதில் நாகம் படுத்திருக்கிறது என்பதை வாய்மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் குறைந்துவருகிறார்கள்.

அந்தத் திறமை இல்லாதவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மாலையில் வரப்பிலுள்ள எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட வேண்டும். மறுநாள் காலை திறந்திருப்பவை மட்டுமே எலி இருக்கும் வளைகள். பொறி அங்கேதான் வைக்கப்பட வேண்டும், அதுவும் வளைவாயிலிருந்து புறப்படும் ஓடுதடத்தின் மேல். வரப்பெலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே இரண்டு மூன்று இரவு விசை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு அடுத்த இரவில் விசை ஏற்றுவது பலன் தரும். பொறியையும் செத்த எலியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவுகிறது. மழைக்காலச் சேற்றில் காலில் கீறலோடு நிற்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிடித்தவற்றை ஆழப் புதைப்பது நலம்.

தென்கிழக்கு ஆசியாவில், குறிப்பாக மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளில், பரவலாகச் சோதிக்கப்பட்ட தடுப்புவேலிப் பொறி முறை கவனிக்கத்தக்கது. ஊர் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு சிறு பாத்தியில் நெல் நடுவார்கள். பக்கத்துக்கு இருபது முதல் ஐம்பது மீட்டர் இருக்கலாம். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் வேலி. வேலியில் ஆங்காங்கே ஓட்டை. ஒவ்வோர் ஓட்டைக்கும் உட்புறம் பல எலிகளைப் பிடிக்கும் கூண்டு. முந்திக் கதிர் தள்ளும் பயிரின் வாசனைக்கு ஊர் எலியெல்லாம் அங்கே வரும். ஒரு பாத்தி சுற்றிலும் பத்து முதல் பதினைந்து ஹெக்டேர் வரை காக்கும் என்று ஆய்வுகள் காட்டின. ஈனும் பருவத்துக்கு முன்னால் பிடிபடுவதால்தான் இவ்வளவு பலன். தவறி நுழைந்த பாம்பையும் கீரியையும் காலையில் உயிரோடு விட்டுவிடலாம் என்பது கூடுதல் நன்மை. இது தனி ஒருவரின் வேலையாக இருக்க முடியாது. பாத்திக்கு நிலம் தருபவருக்கும் கூண்டைத் தினம் பார்ப்பவருக்கும் ஊரே கூலி பேச வேண்டும். டெல்டாவில் குறுவைக்கும் சம்பாவுக்கும் வயல்கள் வெவ்வேறு நாளில் நடப்படுவது இதற்கு ஒரு தடைதான். நடவு நாள் சிதறும்போது எலிக்கு எப்போதும் ஏதோ ஒரு வயலில் தொண்டைக்கதிர் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பொறியின் சுமையைக் குறைக்கும் மூன்று துணைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெருத்த வரப்பு எலிக்கு வீடு, ஆகவே வரப்பை ஒடுக்கி வெட்ட வேண்டும். கோடையில் தரிசு கிடக்கும்போது வளைகளைத் தோண்டி அழிக்க வேண்டும். வயலில் டி வடிவக் குச்சி நட்டால் கூகை வந்து உட்கார்ந்து இரவில் வேட்டையாடும். ஆனால் விஷம் தின்ற எலியைத் தின்று அந்தக் கூகையே சாவதும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷங்கள் உடலில் நின்று வேலை செய்வதால் இந்த ஆபத்து அவற்றில் கூடுதல்.

சட்டத்தின் எல்லை எலியோடு தொடங்கி அதைத் தாண்டியதும் கடுமையாகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவை அதில் தீங்குயிர்களாக அடங்கின. 2022-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதே சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமின்றி, பிடிப்பதும் கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் இரை வைத்து ஈர்ப்பதும், அவற்றுக்கு முயல்வதும் அடக்கம். மயில், உடும்பு, சாரை, கீரி, முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி எல்லாம் பாதுகாப்பில் உள்ளவை. முதல் அட்டவணை விலங்கு எனில் தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. எலிக்கு என்று வைத்த கண்ணியில் உடும்பு மாட்டியது என்பது தப்பிக்கும் வாதமாக இருக்காது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ மனிதர் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. தேவையற்ற கொடூரத்தோடு எலியைக் கொல்வதும் அதன்படி குற்றமே. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் எழுதிய தொகை அப்படியே நிற்பது சட்டமியற்றுவோரின் அக்கறையைக் காட்டுகிறது.

காட்டுப்பன்றியால் நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஒரே இரவில் போகின்றன என்பது மிகையில்லை. ஆத்திரத்தில் கைக்கு வருவது சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், மின்சாரம் மூன்றும்தான். சுருக்குக் கம்பி இடுப்பிலோ கழுத்திலோ மாட்டி நாள்கணக்கில் அறுக்கும். இரைக்குள் வெடி பொதிந்த அவுட்டுக்காய் பன்றியின் தாடையை மட்டுமா பிளக்கும்? அதைக் கடித்த யானை தின்ன முடியாமல் பட்டினியால் சாகும். மின்கம்பி பாகுபாடே காட்டாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. எலிக்கு இழுத்த கம்பியில் சொந்த வீட்டார் மாண்ட செய்தியும் புதிதல்ல. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. துடிப்பாக மட்டும் மின்சாரம் பாயும் சூரியசக்தி வேலிக்கும் பதிவு வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக இழுப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

முறையான வழி அனுமதியில் தொடங்குகிறது. பயிருக்கு ஆபத்து என்ற காரணத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு ஏற்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கைப் பிடிக்கவோ கொல்லவோ, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்து மூலம் உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயி கையில் துப்பாக்கி இல்லை. பிடிப்பதற்கு வைக்கும் பட்டி பெரிதாக, கூட்டம் முழுவதும் நுழையும்படி இருக்க வேண்டும். பல நாள் கதவைத் திறந்தே வைத்து இரையிட்டுப் பழக்கிய பின்புதான் மூட வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் பிடித்தால் மிஞ்சியவை அந்தப் பட்டியை மறுபடி நெருங்காது.

பன்றியின் காலடியும் சேதமும் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. இழப்பீடு கேட்பதற்கும் பிடிக்கும் நடவடிக்கையை வற்புறுத்துவதற்கும் அந்தச் சீட்டு உதவும்.