அணைந்த மத்தாப்பின் சூடு

டீ ஆறுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அணுகுண்டு, லட்சுமி வெடி என்றால் பிள்ளைகளை நாம் தள்ளி நிறுத்துகிறோம். கம்பி மத்தாப்பை மட்டும் மூன்று வயதுக் குழந்தையின் கையிலேயே கொடுத்து போட்டோ எடுக்கிறோம். என் கவலையெல்லாம் அந்தக் கம்பி மேல்தான்.

வடை சுடும் எண்ணெயின் சூடு சுமார் 180 டிகிரி செல்சியஸ். மத்தாப்பு எரியும் இடத்தில் அது 1000 டிகிரியைத் தாண்டும். அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் எரிவதால்தான் அந்த வெள்ளை ஒளியும் பூப்பூவான பொறியும். ஒளி அணைந்ததும் கம்பியை வாசலிலேயே போட்டுவிடுகிறோம். பார்த்தால் ஆறிப்போனது போலத்தான் கிடக்கும். அடுத்த மத்தாப்புக்கு ஓடிவரும் பிள்ளை அதை மிதித்தால் உள்ளங்கால் வெந்துபோகும். ஆகவே பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கட்டும். எரிந்த கம்பி நேராக அதற்குள் போக வேண்டும். காலில் ஷூவும் இருக்கட்டும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறோம். நம் பிள்ளை மத்தாப்பு கொளுத்தும்போது வெறுங்காலோடு நிற்கக் கூடாது. புதுத்துணி ஆசையை மறுநாள் தீர்த்துக்கொள்ளலாம். நைலான் பாவாடை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டைதான் பத்திரம்.

புஸ்வாணமும் சாதுவாகத் தெரியும். வாய் அடைத்திருந்தாலோ கூடு விரிசல் விட்டிருந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, மேலே சீற வேண்டியது பக்கவாட்டில் வெடிக்கும். குனிந்து பார்ப்பவர் முகம் அங்கேதான் இருக்கும். நீளமான ஊதுவத்தியால், முகத்தை ஒதுக்கி, கை நீட்டிப் பற்றவையுங்கள். பற்றவில்லையா? அதை விட்டுவிடுங்கள். கால் மணி நேரமாவது கழித்து, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள். ஊதிப் பார்ப்பதும் கையில் எடுத்துக் குலுக்குவதும் வேண்டவே வேண்டாம்.

பெட்டியில் பசுமைப் பட்டாசு என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அது புகையைக் குறைக்கச் செய்தது. சூடு சூடுதான்.

மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வரும்போது சரவெடி கொளுத்துவது நம் பக்கத்துப் பெருமை. 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. பந்தலும் சீரியல் விளக்கும் ஜனமும் நெருக்கியடிக்கும் சந்தில் அதற்கு இடமே இல்லை. ராக்கெட்டும் அப்படித்தான். ஒடுகத்தூரைச் சுற்றிய கிராமங்களில் வைக்கோல் போர், ஓலைக் கொட்டகை, அதற்குள் மாடு. ராக்கெட் எங்கே இறங்கும் என்று விட்டவருக்கே தெரியாது.

வாங்கியதை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். 2021 ஏப்ரலில் லத்தேரியில் பட்டாசுக் கடை தீப்பிடித்து ஒரு தாத்தாவும் இரண்டு பேரன்களும் மாண்டார்கள். நம் வேலூர் மாவட்டம்தான், காட்பாடிக்குப் பக்கம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சமையலறையும் பூஜையறையும் ஆகாது. வீட்டில் செருப்பு ஒட்டும் பசையோ தின்னரோ இருந்தால் அந்த அறையும் ஆகாது. அதன் ஆவியே தீப்பிடிக்கும்.

சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றிக்கொண்டே குழாயடிக்கு ஓடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. இருபது நிமிடம் தண்ணீர் ஓடட்டும். ஐஸ், இட்லி மாவு, பற்பசை, பேனா மை எதுவும் கூடாது. ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான வெள்ளைத் துணியால் தளர்வாக மூடி அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல், அழுத்தாமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.